சிறைக்குள் வரலாறு எழுதிய சண்முகதாசன்

யாழ். குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில் உள்ள புத்தூர் செம்மண் தோட்டங்களுக்கும் அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்கும் பெயர்பெற்ற ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில் பயணிப்போருக்கு அதன் வெங்காயத் தோட்டங்களும் புகையிலைத் தோட்டங்களும் கண்ணுக்கு இனியவை. அத்தோட்டங்களில் இறைத்தவர்கள், கொத்தியவர்கள், சுமந்தவர்கள் யார் என்பதும், அவர்களிற் பலருக்கு ஒரு துண்டு நிலமேனும் சொந்தமாக இருந்ததா என்பதும் வீதியில் போகிறவர் கண்ணுக்குப் புலப்படாதவை. ஆழக்கிணறுகள் நிறைந்த இக்குடாநாட்டில், குடிக்கும் நீரைத் தாமே அள்ளிக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். தேநீர்க்கடையில் அவர்களுக்குச் சிரட்டையும் தகரப்பேணியும் வைக்கப்பட்டன. கோயிலில் அவர்களுடைய எல்லை வெளிவீதியோடு முடிந்தது. பாடசாலைக் கதவுகள் அடைபட்டபோது புத்தூர் உட்படச் சில கிராமங்களில் பௌத்த பாடசாலைகள் தோன்றின. அதை மதமாற்றம் என்று கடிந்தவர்கள் இருந்தார்கள். அடைத்த கதவுகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசியதில்லை.

இப்பின்னணியை முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் இடதுசாரிக் கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது தென்னிலங்கையின் 1971-உம் 1987 தொடக்கம் 1989 வரையான காலமும் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முன்னரே வடக்கின் வறிய கிராமங்களில் செங்கொடியின் கீழ் எழுந்த கிளர்ச்சி எம்மவர் நினைவிலும் மங்கிப்போயிற்று. இரண்டுடனும் தொடர்புபட்ட ஒரு மனிதர் இருந்தார். முதலாவதை எதிர்த்தவரும் இரண்டாவதை வழிநடத்தியவருமான அவரை அரசாங்கம் எதிர்த்தவற்றுக்காகவே சிறையிலிட்டது. அவர்தான் நாகலிங்கம் சண்முகதாசன்.

மானிப்பாயில் 1920-இல் பிறந்தவர். 1938-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புகுந்து வரலாறு கற்றார். அக்காலத்தில் ஆங்கிலம் வாய்த்த யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பு இளைஞனுக்கு விதிக்கப்பட்டிருந்த பாதை நேரானது: பட்டம், சிவில் சேவைப் பரீட்சை, உத்தியோகம், சீதனம். சண்முகதாசன் அந்தப் பாதையை விட்டு விலகினார். கேம்பிரிஜ்ஜிலிருந்து மாக்சியத்துடன் திரும்பிய பீற்றர் கெனமன், பொன்னம்பலம் கந்தையா, வைத்திலிங்கம் ஆகியோரின் தாக்கம் அத்தலைமுறை மாணவரிடம் ஆழமாகப் பதிந்தது. 1943 ஜூலையில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி தோற்றம்பெற்றபோது, படிப்பை முடித்த கையோடு அவர் முழுநேர ஊழியரானார். கெனமனின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும்; பின்னர் அவர் வேறொரு கோலத்தில் வருவார்.

தொழிற்சங்கமே சண்முகதாசனின் களமாயிற்று. இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தில் சேர்ந்து துறைமுகத்திலும் ஆலைகளிலும் தொழிலாளரைத் திரட்டினார். 1947-இன் பொது வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு ஜூன் 5-ஆம் திகதி கொழும்பு தெமட்டகொடையில் வேலைநிறுத்தக்காரர் மீது பொலிஸார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி என்ற தமிழர் உயிரிழந்தார். சிங்களத் தொழிலாளரும் தமிழ் எழுதுவினைஞரும் ஒரே ஊர்வலத்தில் நடந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்த மரணம் சான்று.

அந்த வேலைநிறுத்தத்தை அடக்கும் அவசரத்திற்றான் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதே மாதம் நிறைவேற்றப்பட்டது. சுதந்திரத்திற்கு இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. வெள்ளையன் போகுமுன் விட்டுச்சென்ற அந்தச் சட்டத்தைச் சுதேச அரசாங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேணிப் பயன்படுத்தின. அவசரகால நிலைப் பிரகடனங்கள் யாவும் அதன் வயிற்றிற் பிறந்தவையே. தெமட்டகொடை வேலைநிறுத்தத்தை முறியடிக்கப் பிறந்த சட்டம் இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் சண்முகதாசனையே தேடிவந்தது.

அறுபதுகளில் உலகக் கம்யூனிஸ்ட் இயக்கம் மொஸ்கோ, பீக்கிங் என்று இரண்டானது. இலங்கையிலும் கட்சி பிளந்தது. 1963-இல் வெளியேற்றப்பட்ட சண்முகதாசன், 1964 முதல் பீக்கிங் சார்புக் கட்சியின் தலைமையை ஏற்றார். பாராளுமன்றப் பாதையால் உழைப்பவர் ஆட்சி வராது என்பது அவரது நிலைப்பாடு. தொழிற்சங்க சம்மேளனத்தின் பெரும்பகுதி அவரோடு வந்தது. மலையகத் தோட்டங்களிற் செங்கொடிச் சங்கம் வேரூன்றியது. 1967-இல் கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்தபோது சீனா சென்று மாஓ சேதுங்கைச் சந்தித்தார். அந்தப் புரட்சி சீனத்து ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இழைத்த கொடுமைகள் பின்னர் வெளிவந்தன. சண்முகதாசன் தமது மதிப்பீட்டை மாற்றிக்கொண்டாரில்லை. அவரது வாழ்வில் நாம் உடன்படமுடியாத பக்கம் அது.

ஆனால் பீக்கிங்கில் நின்றதைவிட யாழ்ப்பாணத்தில் நின்றதே அவர் வாழ்வில் பயன்மிக்கது என்பது எமது கணிப்பு. 1966 ஒக்டோபர் 21-ஆம் திகதி சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும் என்ற முழக்கங்களோடு சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. ஊர்வலத்திற்குத் தடையிட்ட பொலிஸார் குண்டாந்தடியால் தாக்கினர். முன்னணியில் நின்ற கட்சியின் வடபகுதித் தலைவர் கே. ஏ. சுப்பிரமணியம் இரத்தம் வடிய நின்றார். ஊர்வலம் கலையவில்லை. அன்று மாலை யாழ். முற்றவெளியில் நடந்த கூட்டத்திற் சண்முகதாசன் உரையாற்றினார். தேநீர்க்கடைகளும் ஆலயங்களும் திறக்கப்படும்வரை போராட்டம் ஓயாது என்பதே அன்றைய தீர்மானத்தின் சாரம்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். அம்மக்கள் கேட்டது புதிதாக எதையும் அன்று. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957-ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. பொது இடத்தில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது அச்சட்டப்படி குற்றம். ஒன்பது ஆண்டுகளாக ஏட்டில் உறங்கிய அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு கேட்டு வந்தவர்கள் மீதுதான் சட்டத்தைக் காக்கவேண்டிய பொலிஸார் தடியை உயர்த்தினார்கள். வறிய கிராமத்தவன் சட்டத்தின் மீது நம்பிக்கை இழப்பது எந்த இடத்தில் என்று கேட்போர் சுன்னாகத்து வீதியைப் பார்க்கலாம்.

அதன்பின் சங்கானை, நிச்சாமம், கரவெட்டி, மட்டுவில், கொடிகாமம் என்று கிராமம் கிராமமாகப் போராட்டம் பரவியது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. தேநீர்க்கடைக்குள் நுழைந்து சமமாக அமர்ந்து குடிப்பதே போர்க்களமாகிய நாட்கள் அவை. சாதிமான்களின் அடியாட்கள் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கியும் வெடித்தது. தாழ்த்தப்பட்டோர் தரப்பும் வெறுங்கையோடு நிற்கவில்லை. நாட்டு வெடிகளும் துப்பாக்கிகளும் அவர்கள் கைக்கும் வந்தன; உயிர்கள் பலியாயின. சங்கானை ஷங்காயாக மாறிவருவதாகப் பாராளுமன்றத்தில் தமிழ்ப் பிரதிநிதி ஒருவர் அபாய அறிவிப்புச் செய்தது இக்காலத்திற்றான். சிரட்டையை மறுத்தவன் கண்ணில் சீனம் இருந்ததோ இல்லையோ, சிரட்டையை நீட்டியவன் கண்ணுக்குச் சீனம் தெரிந்துவிட்டது.

1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் உள்ளே செல்ல வந்தவர்களை மறித்து நின்றார். அவர்மீது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டு, அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அன்று தமிழரசுக் கட்சி தேசிய அரசாங்கத்திற் பங்காளி. கொள்கையளவில் தீண்டாமையைக் கண்டித்த தமிழ்த் தலைமைகள் களத்தில் வாக்கு வங்கியைக் கணக்கிட்டு நின்றதை மூடிமறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பத்தவர் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பாக்குநீரிணையின் இருகரையிலும் அவ்வாண்டின் கதை ஒன்றுதான்.

அந்தப் போராட்டம் பெருமளவு வென்றது. அறுபதுகள் முடிவதற்குள் குடாநாட்டின் பல தேநீர்க்கடைகளில் கண்ணாடிக் குவளை பொதுவாயிற்று. பல ஆலயக் கதவுகள் திறந்தன. ஓர் ஆயுதக் குழுவின் சாகசத்தை நம்பாமல் கிராமத்தவரை ஊர் ஊராகத் திரட்டி, எதிர்ப்பக்கத்தில் மனச்சாட்சியுள்ளோரையும் வென்றெடுத்து நடத்தப்பட்டதாலேயே இது இயன்றது. வேளாளர் குடும்பத்திற் பிறந்தோரும் சிறை சென்றார்கள். எழுத்தாளர் கே. டானியல் போன்றோர் களத்தில் நின்றதுடன் நாவல்களாகவும் அதைப் பதிந்தார்கள்.

இனித் தெற்கிற்கு வருவோம். மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சென்று, சீனச் சார்பு நிலை எடுத்ததால் மீண்டும் அங்கே திரும்ப அனுமதி மறுக்கப்பட்ட இளைஞர் ரோகண விஜேவீர, அறுபதுகளின் நடுப்பகுதியிற் சண்முகதாசனின் கட்சியில் வந்து சேர்ந்தார். உறவு நீடிக்கவில்லை. 1966-இல் வெளியேறி, கிராமத்துச் சிங்கள இளைஞரிடையே தனி இயக்கம் கட்டினார். அதுவே மக்கள் விடுதலை முன்னணி, அதாவது ஜே.வி.பி. அதன் ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தேயிலைக் கொழுந்து பறித்து முதுகு வளைந்த மலையகத் தமிழரை அது இந்தியாவின் கருவிகளாகக் காட்டிற்று. தோட்டத் தொழிலாளரைச் செங்கொடிச் சங்கத்திற் சேர்த்துக்கொண்டிருந்த சண்முகதாசன் இதனை வன்மையாக எதிர்த்தார். மக்களைத் திரட்டாமல் ஓர் இரவில் ஆட்சியைப் பிடிக்கும் திட்டம் புரட்சி ஆகாது, இளைஞரைப் பலிகொடுக்கும் சாகசமே ஆகும் என்பதும் அவரது கண்டனம்.

1971 மார்ச் 13-இல் விஜேவீர அம்பாறையிற் கைதாகி யாழ்ப்பாணச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். மார்ச் 16-இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஏப்ரல் 5-ஆம் திகதி நாடெங்கும் சுமார் 90 பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. வேலையற்ற படித்த இளைஞர், இளம் பிக்குகள், காணியற்ற விவசாயிகளின் பிள்ளைகள் வேட்டைத் துப்பாக்கியும் வீட்டிற் செய்த குண்டுமாக வந்தார்கள். சில வாரங்களில் எல்லாம் முடிந்தது. அரசாங்கம் ஒப்புக்கொண்ட சாவு சுமார் 1,200. ஏனைய மதிப்பீடுகள் பல ஆயிரம். பிரேத விசாரணையின்றி உடல்களை அப்புறப்படுத்தும் அதிகாரம் அவசரகால விதிகளில் எழுதப்பட்டிருந்தது. கதிர்காமத்தில் ஓர் இளம்பெண்ணை மானபங்கப்படுத்திச் சுட்டுக்கொன்ற இராணுவத்தினர் இருவர் பின்னர் தண்டிக்கப்பட்டனர். அவ்வாறு தண்டனைவரை சென்ற வழக்கு அபூர்வம்.

கிளர்ச்சியை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்த சண்முகதாசனும் கைதானார். இதனை அரசாங்கத்தின் தவறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. கிளர்ச்சியாளர் யார், அவர்களின் விமர்சகர் யார் என்ற வேறுபாடு ஆட்சியாளருக்குத் தெரியாததன்று, பயன்படாதது. செங்கொடி பிடித்த எவரையும் ஒரே வலையில் அள்ளுவதற்கு அத்தகைய நெருக்கடிபோன்ற வாய்ப்பு வேறில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தேநீர்க்கடைக் கதவைத் திறப்பித்த கட்சிக்கும் தெற்கில் பொலிஸ் நிலையத்தைத் தாக்கிய இயக்கத்திற்கும் ஒரே அவசரகால விதி.

அவரைச் சிறையிட்டது எத்தகைய அரசாங்கம் என்பதையும் பார்க்கவேண்டும். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அமைச்சரவையில் என். எம். பெரேரா நிதி அமைச்சர், கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு அமைச்சர். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சர். பல்கலைக்கழக நாட்களில் மாக்சியம் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் அமைச்சரவையில், அறிமுகப்பட்டவர் சிறையில். அதற்கும் மேலான முரண் ஒன்று பீக்கிங்கிலிருந்து வந்தது. சூ என்லாய் அந்த ஏப்ரல் 26-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதிக் கிளர்ச்சியைக் கண்டித்ததோடு, 150 மில்லியன் ரூபா வட்டியில்லாக் கடனும் அளித்தார். இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகியனவும் உதவின. எதிர் எதிர் முகாம்களில் நின்ற வல்லரசுகள் யாவும் ஒரு சிறு நாட்டின் கிராமத்து இளைஞருக்கு எதிராக ஓரணியில் நின்ற காட்சி அக்கால உலகில் அரிது. பீக்கிங்கை நம்பிய மனிதர் கொழும்பில் அடைபட்டுக் கிடக்கையில், அடைத்தவர்களுக்குப் பீக்கிங்கின் கடன் வந்து சேர்ந்தது.

ஏறத்தாழ ஓராண்டு தடுப்புக்காவலில் அவர் வீணே இருக்கவில்லை. இலங்கை வரலாற்றை மாக்சிய நோக்கில் ஆராயும் நூலை அங்கேயே எழுதினார். 1972-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜே.வி.பி.யின் கோட்பாடுகளைக் கண்டித்தும், அவ்விளைஞர்களைக் கொன்று குவித்த அரசை அதனினும் கடுமையாகச் சாடியும் அவர் எழுதினார். தம்மை எதிரியாகக் கருதிய இளைஞரின் சாவுக்கு நியாயம் கேட்கும் நேர்மை எல்லாரிடமும் இருப்பதில்லை.

அதற்குப் பிந்திய ஆண்டுகள் தேய்மானத்தின் ஆண்டுகள். 1976-இல் மாஓ மறைந்தபின் பீக்கிங் திசைமாறியது, அவர் மாறவில்லை. 1978-இல் கே. ஏ. சுப்பிரமணியம் உள்ளிட்ட வடபகுதித் தோழர்கள் பிரிந்து இடதுசாரிக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர். 1984-இல் உருவான சர்வதேச மாஓவாத அமைப்பிற் சண்முகதாசனின் கட்சி சேர்ந்தது. அதில் இருந்த பெருவின் ஒளிரும் பாதை இயக்கம் வறிய மலைக்கிராமத்தவரையே வெட்டிச் சாய்த்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் பொறுமையோடு மக்களைத் திரட்டியவர் அந்தக் கூட்டில் நின்றதை எம்மால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அதேவேளை தமிழ் மக்களின் சுயநிர்ணய உரிமையை அவர் ஏற்றுக்கொண்டார். தென்னிலங்கை இடதுசாரிகளிற் பலர் சொல்லத் தயங்கியதை அவர் சொன்னார்.

அவர் எச்சரித்தவை அவர் கண்முன்னே நடந்தேறின. 1979 ஜூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதே மாதம் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன, பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்திற்கு அனுப்பி, டிசம்பர் 31-க்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு கட்டளையிட்டார். பண்ணைப் பாலத்தருகே இளைஞரின் சடலங்கள் கிடந்தன. திகதி வந்து போயிற்று. போர் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1987 முதல் 1989 வரை தெற்கில் இரண்டாவது கிளர்ச்சி எழுந்தது. இம்முறை ஜே.வி.பி. இடதுசாரிகளையும் தொழிற்சங்கத்தவரையும் கொன்றது. அரசு பல்லாயிரம் இளைஞரைக் காணாமலாக்கியது. 1989 நவம்பர் 13-இல் விஜேவீரவும் காவலில் இருக்கையிற் கொல்லப்பட்டார்.

நக்சல்பாரியில் 1967-இல் தோன்றிய இயக்கத்தை 2026 மார்ச் 31-க்குள் துடைத்தெறிவதாக இந்திய உள்துறை அமைச்சர் நாள் குறித்தபோது, எமக்கு 1979 டிசம்பர் 31 நினைவுக்கு வந்தது. சாரு மஜும்தார் 1972-இல் கல்கத்தாவிற் காவலில் இறந்தபோதே அது முடிந்ததென்றார்கள். பஸ்தர் காடுகளில் 2025 மே மாதம் மாஓவாதக் கட்சியின் பொதுச்செயலாளர் பசவராஜு கொல்லப்பட்டார். ஆயுதக் குழுவை ஒழிக்க ஓர் அரசால் இயலும். பழங்குடியினரின் காட்டுரிமைக்கும் சுரங்கக் கம்பனிக்கும் இடையிலான வழக்கை எந்தத் திகதிக்குள் தீர்ப்பதாக அந்த அறிவிப்புச் சொல்லவில்லை.

1971-இலும் 1989-இலும் அழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஜே.வி.பி.யின் தலைவர் 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். அந்த நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அவரது தேசிய மக்கள் சக்தி வென்றது. இந்திய விஸ்தரிப்பு வகுப்பு நடத்திய இயக்கத்திற்கு மானிப்பாயும் வாக்களித்தது என்பதைச் சண்முகதாசன் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்க நாம் முற்படவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக அவர்கள் தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தார்கள் என்பதை மட்டும் பதிந்துவைக்கிறோம். அவசரகாலச் சட்டத்தின் கசப்பை அவர்களைவிட அறிந்தவர் தெற்கில் இல்லை.

சண்முகதாசன் தமது அரசியல் நினைவுகளை 1989-இல் நூலாக்கினார். அதிற் தம்மை வருந்தாத கம்யூனிஸ்டாகவே அறிமுகப்படுத்திக்கொண்டார். 1993 பெப்ரவரி 8-ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிற் காலமானார். யுத்தத்தில் முற்றுகையிடப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் அச்செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை.

2017-இல் புத்தூரின் கலைமதிக் கிராமத்து மக்கள், தமது குடியிருப்புகளின் நடுவே உள்ள மயானத்தில் பிணம் எரிப்பதை நிறுத்துமாறு கோரிப் போராடினார்கள். பிணம் எரியும் புகை வீட்டு அடுப்படிக்குள் வருகிறது என்பதே அவர்கள் முறைப்பாடு. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பு வந்தது, பொலிஸ் வந்தது, கைதுகள் நடந்தன, விடயம் நீதிமன்றம் சென்றது. அவர்களுக்குத் துணையாக நின்றது, அறுபதுகளில் சுன்னாகத்தில் அடிவாங்கிய மரபில் வந்த ஒரு சிறிய மாக்சியக் கட்சி.